டிரோனுக்கு போன் வாங்கிய கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது. மலருக்காக அவரே எழுதிக் கொடுத்தது.)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரை படித்தேன். பதினெட்டு வயதில் கல்யாணம். எங்க வீட்டுக்காரர் கரும்பு வெட்டப் போவார், சொந்தமாக ஒரு ஏக்கர் இருக்கிறது. மகள் பதினொன்றாம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு. தலைவி அக்கா என்னிடம், "டிரோன் ஓட்டுறதைப் பற்றிப் பேசு"ன்னு சொன்னாங்க. நான் யோசித்துப் பார்த்தேன். டிரோன் ஓட்டியதைவிட, அதற்கு ஒரு போன் வாங்கின கதைதான் உங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது. ஏன்னா அதில்தான் நான் பணத்தைத் தொலைத்தேன். அது என் பணம் மட்டும் இல்லை, குழுப் பணம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தென்பெண்ணை பெருகி எங்கள் பக்கம் நெல்லும் கரும்பும் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்குள் போக முடியவில்லை. வெளி வரப்பில் நின்று பார்த்தால் நல்லா நிற்கிற மாதிரி இருக்கும். உள்ளே பாய் விரித்த மாதிரி சாய்ந்து கிடக்கும். எங்கே சாய்ந்திருக்கு, எவ்வளவு சாய்ந்திருக்கு என்று ஒருத்தருக்கும் தெரியாது. அப்போது பக்கத்து ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் தன் டிரோனைப் பறக்கவிட்டு எங்க தெரு ஆட்களுக்குக் காட்டினார். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் கையில் வைத்த மாதிரி தெரிந்தது. எங்கள் குழு ஊக்குநர் அக்கா அன்றைக்கே சொன்னாங்க, "இதை நாமளே வாங்கி வச்சா என்ன?"

குழுவில் 12 பேர். நாலு கூட்டம் பேசினோம். நானும் இன்னொரு தங்கையும் பயிற்சிக்குப் போய் வந்தோம். கூட்டமைப்பில் கடன் எடுத்து, 250 கிராமுக்கு உட்பட்ட சின்ன கேமரா டிரோன், நம் நாட்டில் செய்தது, ரிமோட்டோடு 68,000 ரூபாய்க்கு வாங்கினோம். தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

இங்கேதான் முதல் தப்பு நடந்தது. மருந்து தெளிக்கிற பெரிய டிரோனைப் பார்த்திருப்பீங்க. நான் பார்த்த வரைக்கும் அதற்கு ரிமோட்டிலேயே திரை இருக்கும். எங்களுடைய சின்ன டிரோனுக்கு ரிமோட்டில் திரை கிடையாது. ரிமோட் மேலே ஒரு கவ்வி இருக்கும், அதில் நம் போனைச் செருகி, வயரில் இணைத்து, ஆப்பைத் திறந்தால்தான் கேமரா பார்ப்பது தெரியும். 68,000 ரூபாய் டிரோனுக்குப் பத்து கேள்வி கேட்ட நாங்கள், போனுக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விற்றவர், "எந்த போனா இருந்தாலும் போதும்மா" என்றார். நாங்களும், "வீட்டுல போன் இருக்கே" என்று வந்துவிட்டோம்.

என் பழைய போனில் முதலில் போட்டோம். அது 3 ஜிபி ரேம் உள்ள போன். ஆப் திறக்கவே நேரம் எடுத்தது. படம் நின்று நின்று வந்தது. டிரோன் வலது பக்கம் திரும்பி முடித்த பிறகுதான் போனில் திரும்புகிற மாதிரி தெரியும். இரண்டு தடவை ஆப் தானாக மூடிக்கொண்டது. சரி, புதிதாக வாங்கலாம் என்று கூட்டத்தில் பேசினோம். நான்தான் சொன்னேன், "டேப்லெட் வாங்கலாம். பெரிய திரை, பெரியம்மாக்களுக்கும் கண்ணாடி இல்லாம தெரியும். மற்ற நேரம் குழுக் கணக்குக்கும் ஆகும்." ஒரு கடையில் பத்து அங்குல டேப்லெட் 9,800 ரூபாய்க்குக் கிடைத்தது. கடைக்குள் டியூப் லைட்டில் பளிச்சென்று இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன். அது முதல் ஒரு மாதம் காலையில் ஆறு, ஆறரைக்குப் பறக்கவிட்டதால் குறை ஒன்றும் தெரியவில்லை.

2025 மே மாதம், அக்னி நட்சத்திர நேரம். ஒரு பெரியவர் தோட்டத்தில் சொட்டுநீர் போட்டும் நடுவில் கரும்பு காய்கிறது, எங்கே தண்ணீர் போகவில்லை என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். அவருக்கு பேங்க் வேலை முடிந்து வர பதினோரு மணி ஆகிவிட்டது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. டேப்லெட் ரிமோட் கவ்வியில் நிற்காது என்பதால், கூட வந்த தங்கை அதைக் கையில் பிடித்துக்கொண்டாள். நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டேன். வயர் நடுவில் தொங்கியது.

டிரோன் மேலே போனது. திரையைப் பார்த்தால் அதில் என் முகமும் முந்தானையும்தான் தெரிந்தது. தங்கை அப்படித் திருப்பினாள், இப்படித் திருப்பினாள். முந்தானையைப் போட்டு மறைத்துப் பார்த்தோம். ஐந்து நிமிஷத்தில் டேப்லெட் கொதிக்க ஆரம்பித்தது. இருந்த வெளிச்சமும் குறைந்துகொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கை மாற்றிப் பிடிக்கும்போது வயரும் கழன்றுவிட்டது.

டிரோன் வானத்தில் ஒரு புள்ளி மாதிரி தெரிந்தது. அதன் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கை நடுங்கியது. பக்கத்தில் கொண்டுவரலாம் என்று குச்சியை இழுத்தேன். அது எதிர்ப்பக்கம் போனது. இன்னும் இழுத்தேன், இன்னும் போனது. இறக்கினேன். வரப்போரம் வரிசையாக நின்ற பனைமரத்தில் போய் மோதி மட்டைக்குள் சிக்கிக்கொண்டது. அந்தப் பெரியவரின் மகன் மரம் ஏறி எடுத்துக் கொடுத்தார். இரண்டு இறக்கை உடைந்திருந்தது. கேமராவை ஆடாமல் பிடிக்கிற பாகமும் உடைந்துவிட்டது. பழுது பார்க்க 12,000 ரூபாய்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்க வீட்டுக்காரர் திட்டவில்லை. "மரத்துல மாட்டினது மனுஷன் தலையில விழாம போச்சே" என்று மட்டும் சொன்னார். ஆனால் குழுக் கூட்டம் இருக்கிறதே. அந்த வாரக் கூட்டத்துக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.

ஒரு அக்கா நேராகவே கேட்டாங்க, "நம்ம சேமிப்புப் பணத்துல இந்த விளையாட்டெல்லாம் நமக்குத் தேவையா?" இன்னொருத்தர், "டேப்லெட் வாங்கச் சொன்னது யாரு, அவங்களே கட்டட்டும்" என்றார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அவங்க கேட்டதில் தப்பு இல்லை. அவங்க பணம். அதில் ஒருத்தர் ஆடு விற்றுச் சேமிப்புக் கட்டினவர். நான் எழுந்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கடையில் வெயிலில் வைத்துப் பார்க்காமல் வாங்கியது என் தப்பு. உச்சி வெயிலில் பறக்கவிட ஒத்துக்கொண்டதும் என் தப்பு.

எங்கள் குழுவில் மூத்தவங்க ஒரு பெரியம்மா. கையெழுத்துப் போட குழுவில் வந்துதான் கற்றுக்கொண்டாங்க. அவங்க கேட்ட கேள்விதான் எல்லாத்தையும் மாற்றியது. "அந்தக் கண்ணாடி அவிஞ்சு போனா, டிரோன் கீழ விழுந்துடுமாடி?" அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் பயிற்சி கொடுத்த சாருக்குப் போன் செய்து கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், இது ரொம்ப முக்கியம். எங்கள் மாதிரி டிரோனில் ரிமோட்டுக்கும் டிரோனுக்கும் நேராகத் தொடர்பு இருக்கிறது. போன் கண் மாதிரி, ரிமோட் கை மாதிரி. கண் மூடினாலும் கை வேலை செய்யும். நான் குச்சியில் இருந்து விரலை எடுத்திருந்தால் போதும், அது இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றிருக்கும். ரிமோட்டில் வீடு படம் போட்ட பட்டனை அழுத்தியிருந்தால், கிளம்பின இடத்துக்கே தானாக வந்து இறங்கியிருக்கும். பயிற்சியில் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள், நான் நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். பயத்தில் மறந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. சில விலை குறைந்த டிரோனில் ரிமோட்டே இருக்காது, போன்தான் வைஃபை மூலம் டிரோனை ஓட்டும். அதில் போன் அணைந்தால் கையும் போச்சு, கண்ணும் போச்சு. அதனால் டிரோன் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி பெரியம்மா கேட்ட கேள்விதான்: போன் அணைந்தால் என்ன ஆகும்?

கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். 12,000 ரூபாயில் பாதி டிரோன் வருமானத்தில் இருந்து கழிப்பது, பாதி நான் மாதம் 500 ரூபாயாகக் கட்டுவது. புது போன் வாங்குவது, ஆனால் இந்தத் தடவை மூன்று பேர் சேர்ந்து போய், பார்த்து வாங்குவது. நான் பயிற்சி சாரிடமும், கல்யாண வீடியோ தம்பியிடமும் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினேன். அதை உங்களுக்குச் சொல்கிறேன். டிரோன் இல்லாதவர்களும் கேளுங்கள். போன் எல்லா வீட்டிலும் வாங்குகிறோம்.

முதலில், டிரோன் செய்த கம்பெனி எந்தெந்த போனில் ஆப் வேலை செய்யும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதில் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு வேண்டும் என்றும் இருக்கும். சில ஆப் 64 பிட் ஆண்ட்ராய்டில் மட்டும்தான் ஓடும், சில மலிவு டேப்லெட்டில் ஏறவே ஏறாது. கடைக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பட்டியலைப் பாருங்கள். நமக்குப் படிக்கச் சிரமமாக இருந்தால், பிள்ளைகளைப் படித்துக் காட்டச் சொல்லலாம். என் மகள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள்.

இரண்டாவது வெளிச்சம். திரை எவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்பதை நிட்ஸ் என்று ஒரு கணக்கில் சொல்கிறார்கள். மலிவு டேப்லெட்டில் 400 அல்லது அதற்கும் கீழே இருக்கும். வீட்டுக்குள் அது போதும். வயலில் நிற்கிறவர்களுக்கு 600க்கு மேல் வேண்டும், 800, 1000 இருந்தால் நல்லது. இந்த எண் புரியாவிட்டால் பரவாயில்லை. நாங்கள் செய்தது இதுதான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கடைக்குப் போனோம். "அண்ணா, இதை வாசல்ல வெயில்ல வச்சுப் பார்க்கணும்" என்று கேட்டோம். முதல் கடையில் முடியாது என்றார்கள், வந்துவிட்டோம். இரண்டாவது கடையில் அவரே வாசலுக்கு எடுத்து வந்தார். வெளிச்சத்தை முழுசாக வைத்து, ஒரு வயல் போட்டோவைத் திறந்து, நாலு போனையும் வரிசையாகப் பிடித்துப் பார்த்தோம். கடைக்குள் நாலும் ஒரே மாதிரி இருந்தது. வெயிலில் இரண்டு போனில் ஒன்றும் தெரியவில்லை. புடவை எடுக்கும்போது வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் நிறம் பார்க்கிறோம் இல்லையா, அதே வேலைதான்.

மூன்றாவது சூடு. போன் ரொம்பச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அன்றைக்கு எங்கள் டேப்லெட்டுக்கு நடந்தது அதுதான். தடிமனான உறை போட்டால் சூடு வெளியே போகாது. பறக்கவிடும்போது உறையைக் கழற்றிவிடுகிறோம். உறையில் காந்தம் வைத்த மூடி இருந்தால் கண்டிப்பாகக் கழற்ற வேண்டும், போனுக்குள் இருக்கிற திசைகாட்டியை அது குழப்பிவிடும். கிளம்புகிற வரைக்கும் போனை நிழலில் வைத்திருப்போம். இன்னொன்று, சில கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பார்த்தால், போனைக் குறுக்கே திருப்பினதும் திரை கறுப்பாகத் தெரியும். போன் கெட்டுப்போச்சு என்று பயப்பட வேண்டாம், கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள்.

நான்காவது வேகம். போனுக்குள் இருக்கிற சிப்பும் ரேமும் நல்லதாக இருந்தால்தான் படம் தடையில்லாமல் வரும். 6 ஜிபி ரேமுக்குக் கீழே வாங்க வேண்டாம், முடிந்தால் 8 பாருங்கள் என்று தம்பி சொன்னார். உள்ளே இடமும் இருக்க வேண்டும். போன் நிறைய குட்மார்னிங் படமும் வீடியோவும் அடைந்து கிடந்தால் ஆப் திணறும்.

ஐந்தாவது, ஜிபிஎஸ். டேப்லெட் வாங்குகிறவர்கள் இதை நல்லா கவனிக்கணும். சிம் போடுகிற டேப்லெட் வேறு, வைஃபை மட்டும் உள்ளது வேறு. வைஃபை மட்டும் உள்ள பல டேப்லெட்டில் ஜிபிஎஸ் கிடையாது. ஐபேடிலும் அப்படித்தான், சிம் வகையில்தான் ஜிபிஎஸ் இருக்கும். டிரோனுக்குச் சொந்தமாக ஜிபிஎஸ் உண்டு. ஆனால் நாம் எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று வரைபடத்தில் காட்டுவது நம் கையில் இருக்கிற கருவிதான். என் டேப்லெட்டில் அது இல்லை. அதனால் வரைபடத்தில் டிரோன் மட்டும் தெரியும், நான் எங்கே என்று தெரியாது. ஒரு மாதம் பறக்கவிட்டும் இது குறை என்றே எனக்குத் தெரியவில்லை, எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஆறாவது, கவ்வியும் வயரும். ரிமோட்டைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். போன் கவ்வியில் நிற்கிறதா, ஓரத்தில் இருக்கிற பட்டனைக் கவ்வி அமுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் கவ்வி ஒரு போனில் சரியாக அணைக்கிற பட்டன் மேலேயே உட்கார்ந்தது. அதை வேண்டாம் என்று வைத்துவிட்டோம். டேப்லெட் என்றால் தனியாக ஒரு தாங்கி வாங்க வேண்டும். கனமும் கூடும். போன் 200 கிராம் இருந்தால், பத்து அங்குல டேப்லெட் அரை கிலோ பக்கம் வரும். அரை மணி நேரம் பிடித்து நின்றால் மணிக்கட்டு சொல்லும். வயர் எந்த வகை என்று பாருங்கள். இப்போது நிறைய போனில் டைப் சி. பழைய போனில் மைக்ரோ யுஎஸ்பி இருக்கும். ஐபோனில் 2023ல் வந்த 15ஆம் வரிசையில் இருந்துதான் டைப் சி, அதற்கு முந்தியதற்கு வேறு வயர். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வயர் என்று ஒன்று உண்டு, அதைச் செருகினால் படம் வராது. நல்ல வயர் இரண்டு வாங்கி வையுங்கள்.

அப்படியானால் போனா, டேப்லெட்டா? டேப்லெட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நல்ல வெளிச்சமும் ஜிபிஎஸும் உள்ள எட்டு அங்குல டேப்லெட், தாங்கியோடு இருந்தால் படம் பெரிதாகத் தெரியும். அதற்கு விலை அதிகம். எங்கள் பணத்துக்கு போன்தான் சரி. 6.7 அங்குலம், 8 ஜிபி ரேம், 18,500 ரூபாய். கூடவே திரைக்கு மேலே நிழல் தருகிற மூடி ஒன்று விற்கிறார்கள். அதை வாங்கவில்லை. செருப்பு வாங்கின அட்டைப் பெட்டியை வெட்டி, உள்பக்கம் கறுப்புச் சார்ட் ஒட்டி நானே செய்துவிட்டேன். பார்க்க அழகாக இல்லை, ஆனால் வேலை செய்கிறது.

9,800 ரூபாய் டேப்லெட்டையும் வீணாக்கவில்லை. டிரோன் இறங்கின பிறகு படத்தை அதில் ஏற்றி, நிழலில் உட்கார்ந்து தோட்டக்காரருக்குப் பெரிதாகக் காட்டுகிறோம். குழுக் கணக்கும் அதில்தான்.

அந்த போனை டிரோனுக்கு மட்டும் என்று வைத்துவிட்டோம். பாட்டு, விளையாட்டு ஆப் ஒன்றும் கிடையாது. குழுவின் இரும்புப் பெட்டியில் இருக்கும். யார் எடுத்தாங்க, எத்தனை மணிக்கு வச்சாங்க என்று ஒரு நோட்டு. பறக்கவிடுவதற்கு முன்னால் நாங்கள் செய்வதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

முந்தின நாளே சார்ஜ் ஏற்றி, வீட்டு வைஃபையில் அந்த இடத்தின் வரைபடத்தைத் திறந்து வைத்துவிட வேண்டும். வயலில் சிக்னல் கிடைக்காது. ஆப்போ போனோ புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டால் வேலைக்குப் போகிற காலையில் செய்யக் கூடாது, சும்மா இருக்கிற நாளில் செய்து, வீட்டுப் பக்கம் பறக்கவிட்டுப் பார்த்துவிட வேண்டும். பேட்டரி சேமிப்பு என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஆப்பை மூடிவிடும். போன் அழைப்பு வராதபடி வைக்க வேண்டும். வெளிச்சத்தைத் தானாக மாறாமல் கையால் முழுசாக வைக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்புகிற உயரத்தைச் சுற்றி இருக்கிற பனைமரத்தைவிட உயரமாக வைக்க வேண்டும். நாங்கள் 40 மீட்டர் வைக்கிறோம். கடைசி வரியைப் பெரியம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "கண்ணு தெரியலன்னா கையை எடு. அப்புறம் வீட்டு பட்டனை அமுக்கு."

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2021ல் வந்த டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளது நானோ வகை. அதை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்காக எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்று இல்லை. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி உயரம் வரை விடலாம். மஞ்சளிலும் சிவப்பிலும் அனுமதி வேண்டும். அதைவிடப் பெரிய டிரோனைத் தொழிலுக்கு ஓட்ட சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு வயது 18 முதல் 65 வரை, படிப்பு பத்தாம் வகுப்பு தேர்ச்சி, அங்கீகாரம் பெற்ற இடத்தில் பயிற்சி. இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? என் பத்தாவது சான்றிதழ் இத்தனை வருஷமாக டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் கிடந்தது. ரேஷன் கார்டுக்கும் பேங்குக்கும் அதை ஒருத்தரும் கேட்டதில்லை. முதல் தடவையாக அதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது. கடன் முடிந்ததும் நான் அந்தப் பயிற்சிக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.

மகளிர் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் டிரோன் தருகிற நமோ டிரோன் தீதி திட்டம் 2023ல் அறிவித்தார்கள். நாடு முழுவதும் 15,000 குழுக்களுக்கு. விலையில் 80 சதவீதம், 8 லட்சம் ரூபாய் வரைக்கும் மானியம். ஒரு பெண்ணுக்கு 15 நாள் பயிற்சியும் உண்டு என்று அப்போது அறிவித்தார்கள். நம் கூட்டமைப்புக்கு அப்படி ஒன்று வந்தால், சின்ன டிரோனில் கை பழகினவர்கள் நம்மிடம் இருப்பது நல்லதுதானே.

இப்போது எங்கள் நிலைமையைச் சொல்லி முடிக்கிறேன். பழுது பார்த்து வந்த டிரோனோடு முதலில் போனது அந்தப் பெரியவர் தோட்டத்துக்குத்தான். காசு வாங்கவில்லை. காலை ஏழு மணிக்குப் பறக்கவிட்டோம். கரும்புக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை நீளமாகத் தெரிந்தது. அந்த வரிசையில் உள்ளே போய்ப் பார்த்தால், சொட்டுநீர்க் குழாயை எலி கடித்து தண்ணீர் ஒரே இடத்தில் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கே மாற்றிவிட்டார். மழைக்காலத்தில் காட்டுப்பன்றி உள்ளே புகுந்து முறித்துப் போட்ட இடத்தை இரண்டு பேருக்குக் காட்டிக் கொடுத்தோம். ஒரு தடவை பறக்கவிட 300 ரூபாய் வாங்குகிறோம். பெரிய வருமானம் என்று பொய் சொல்ல மாட்டேன். டிரோன் கடன் தவணை தவறாமல் போகிறது, அவ்வளவுதான். என் 6,000 ரூபாயில் எட்டு மாதம் கட்டிவிட்டேன், இன்னும் நாலு மாதம் இருக்கிறது.

"இந்த விளையாட்டு தேவையா" என்று கேட்ட அக்கா, போன மாதம் தன் அண்ணன் தோட்டத்துக்கு எங்களைக் கூட்டிப் போனாங்க. வெயில் ஏறியதும் அவங்களே செருப்புப் பெட்டி மூடியை என் போன் மேலே பிடித்துக்கொண்டு நின்றாங்க.

சகோதரிகளே, நாம் தையல் மிஷின் வாங்குகிறோம், மாவு அரைக்கிற மிஷின் வாங்குகிறோம், பிள்ளைகளுக்கு போன் வாங்குகிறோம். எங்கே வைத்து வேலை செய்யப் போகிறோமோ, அந்த இடத்து வெயிலிலும் கரண்டிலும் கையிலும் ஒரு தடவை வைத்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் அடுத்த கடைக்குப் போகலாம். தப்பு நடந்தால் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிடுங்கள். எனக்குச் சொல்லத்தான் பயமாக இருந்தது, சொன்ன பிறகு இல்லை.

யாருக்காவது ரிமோட்டைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசை இருந்தால், விழா முடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வாங்க. போன் சார்ஜ் இருக்கிறது. செருப்புப் பெட்டியும் கொண்டுவந்திருக்கிறேன்.